ஐந்தாவது பாட்டு

"அஞ்சாவது பாட்டு நான் பாடினது இல்லைன்னு சொல்றேன். காதுல விழுதா இல்லையா?"

லவினியா ஹேஸ் இசைத்தட்டை மேஜைமேல் பட்டென்று வைத்தாள். ரெக்கார்டு கம்பெனி மேலாளர் கெல்லரின் காபிக் கோப்பை ஆடி நின்றது.

பதினைந்து வருஷத்துக்கு முன் ஜாஸ் பேண்டுகளோடு அவள் பாடிய பன்னிரண்டு பாட்டுகளைத் தொகுத்து, புதுசாக வந்திருக்கும் பெரிய தட்டில் போட்டிருந்தார்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் அவள் பெயர். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பழைய தட்டுல பேண்ட் மாஸ்டர் பேர் மட்டும்தான் இருக்கும். பாடின பொண்ணு பேரு இருக்காது. அந்த வருஷம் அந்த பேண்டுல நீதானே பாடினே? அதை வச்சு எங்க ஆளு எடுத்துட்டான்" என்றார் கெல்லர்.

"அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிடுச்சு. வேற ஒருத்தி வந்து பாடினா. ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே! நான் இருக்கிற ஹார்லெம் உங்களுக்கு அவ்வளவு தூரமாப் போயிடுச்சா?"

"சரி, விடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே!"

கெல்லர் ஒரு பத்திரிகையை விரித்து அவள் பக்கம் தள்ளினார். "படிச்சுப் பாரு. தட்டுலயே அந்தப் பாட்டுதான் உசத்தின்னு எழுதியிருக்கான். ரேடியோவுல தினமும் அதைத்தான் போடறாங்க. ஆறு வருஷமா உன்னை எவனும் பாடக் கூப்பிடலை. இப்பத்தான் கதவு திறந்திருக்கு. நீயே போய்ச் சாத்தாதே."

அதில் பொய்யில்லை. சனிக்கிழமை ரேடியோவில் அவள் பேட்டி. அதைக் கேட்டுவிட்டு மேடை தருவதாக ஒரு கிளப்காரர் சொல்லியிருந்தார். அந்த மேடைக்காக அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"போனா போகட்டும். அடுத்த தடவை அட்டை அடிக்கும்போது அந்தப் பாட்டுக்கு நேரா அவ பேரைப் போடுங்க. இல்லேன்னா சனிக்கிழமை ரேடியோவுல நானே ஊருக்கெல்லாம் சொல்லிடுவேன்."

"அவ வந்து கேட்டாளா?"

"கேக்கலை. எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது."

கெல்லர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவளிடம் பேசிப் பயனில்லை என்று பேனாவைத் திறந்தார். "பேரைச் சொல்லு."

"பியூலா கிரேன்."

எழுதிவிட்டு நிமிர்ந்தார். அவர் குரல் இளகியிருந்தது. "வந்த வாய்ப்பே போனாலும் பரவாயில்லைன்னு சண்டை போடறியே. அவ்வளவு நெருங்கின சிநேகிதியா?"

"சிநேகிதியா?" லவினியா கைப்பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "என் புருஷனைக் கூட்டிக்கிட்டு ஓடினவ சார் அவ! அடுத்தவ பொருளை எடுத்து வச்சுக்கிற புத்தி அவளுக்குத்தான் உண்டு, எனக்குக் கிடையாது!"