இரும்பு கொண்டாங்க!

"இரும்பு! ஆராச்சும் இரும்பு கொண்டாங்க!"

சந்தையின் அடுத்த கோடியிலிருந்து கேட்ட குரல் ருக்குமணியுடையது என்று நர்ஸ் வனிதாவுக்குப் புரிந்துவிட்டது. அப்படியென்றால் வலிப்பு வந்திருப்பது அவள் கணவர் அர்த்தனாரிக்கு. சேலத்தில் மூளையில் கட்டி எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

விலை பேசிக்கொண்டிருந்த அன்னாசியைப் போட்டுவிட்டு ஓடினாள் வனிதா.

ஓட ஓட ஆத்திரம் பொங்கியது. மலையேறி நாலு தடவை வீடு தேடிப் போய்ச் சொன்னாளே! 'கையில் சாவி கொடுக்காதீங்க, வாயில் எதையும் திணிக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மணி பாருங்க.' எல்லாவற்றுக்கும் "சரீங்க சிஸ்டர்" என்று தலையாட்டிவிட்டு, இப்போது இரும்பாம்!

எதிரே மிளகு வியாபாரி பூபதி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சிஸ்டர், உங்க வண்டிச் சாவி இருக்குதுங்களா?"

"சாவியெல்லாம் வேண்டாங்க!"

"அதையேதான் ருக்குமணிப் புள்ளையும் சொல்லுது. சாவி பத்தாதாமா. லாரியில ஜாக்கி கெடக்குதான்னு பார்த்துட்டு வாரேன்."

அவருக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்குக் கடைக்காரர், எடைக்கல்லும் கையுமாக நின்று கத்தினார். "ருக்குமணி, அஞ்சு கிலோ போதுமா?"

"பத்தாதுங்க! கடப்பாரை வேணுமுங்க!"

"கடப்பாரை சின்னுசாமி ஊட்லதான் இருக்குது!"

"அது மேட்டுக்கு அந்தப் பக்கமாச்சே!"

"பேசிட்டு நிக்காதீங்க, ஓடுங்க!"

பத்துப் பதினைந்து பேர் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வனிதா போய்ச் சேர்ந்தாள்.

அங்கே அவர்கள் இருவரைத் தவிர ஈ, காக்கைகூட இல்லை.

அர்த்தனாரி ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைக்கு அடியில் மடித்த துண்டு. சட்டைப் பொத்தான் கழற்றியிருந்தது. கையில் ஒன்றும் இல்லை. மூச்சு சீராகிக்கொண்டிருந்தது.

ருக்குமணி செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நிமிசங்க சிஸ்டர். நின்னுருச்சு."

வனிதா நாடி பிடித்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எல்லாம் சரியாத்தானே செஞ்சிருக்கீங்க? அப்புறம் எதுக்குக்கா இரும்பு கேட்டீங்க?"

ருக்குமணி கணவரின் வாயோரத்தைத் துடைத்தாள்.

"அவருக்கு இல்லீங்க சிஸ்டர். போன தடவை, 'தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்'னு தொண்டை கிழியக் கத்துனேன். ஒருத்தர் நகரலைங்க. இன்னிக்கு இரும்பு கேட்டேன், ஊரே ஓடிருச்சுங்க!"