பிளாஸ்டிக் பிரிக்காத நாற்காலி

டைப்பிஸ்ட் அக்காவுக்கென்று வந்த நாற்காலியை சூப்பரின்டெண்ட் தன் அறையில் போட்டுக்கொண்டார் என்பதுதான் ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

அது சும்மா வந்த நாற்காலி இல்லை. பத்தொன்பது வருஷம் மர நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்ததில் அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. "மாத்திரை கிடக்கட்டும், முதல்ல நாற்காலியை மாத்துங்க" என்று பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். பாதம் தரையில் பதியணும். இடுப்பு வளைகிற இடத்தில் முட்டுக் கொடுக்கணும். கைப்பிடி முழங்கை உயரத்துக்கு இருக்கணும்.

அந்தத் தாளோடு நாலு கடை ஏறி இறங்கினாள். பதினோரு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தாள். "அக்கா, கடை சாத்தணும்" என்று கடைக்காரர் சொல்கிற வரைக்கும் உட்கார்ந்து, கடைசியில் ஒரு கறுப்பு நாற்காலியைத் தேர்ந்தெடுத்தாள். விண்ணப்பம் போட்டாள். எட்டு மாசம் நடையாய் நடந்தாள்.

நாற்காலி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் கிளம்பிப் போன பிறகு.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பளபளவென்று பிளாஸ்டிக் சுற்றிய நாற்காலியில் சூப்பரின்டெண்ட். அவளுடைய மேஜைக்கு முன்னால் பழுப்பேறிய துணி உறை போட்ட நாற்காலி. அவர் வருஷக்கணக்காக உட்கார்ந்து தேய்த்தது.

அவரே வெளியே வந்தார். சிரித்துப் பேசியே அறியாத மனிதர்.

"உட்காருங்க. காலைத் தரையில ஊணுங்க."

உட்கார்ந்தாள். அவர் குனிந்து ஏதோ கம்பியைத் திருகினார். நாற்காலி கொஞ்சம் இறங்கியது.

"இந்தக் கம்பியைத் தொடாதீங்க. உறையையும் கழட்ட வேண்டாம், ஆபீஸ் சொத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தபால் பிரிவு அண்ணன் மெதுவாக அவள் பக்கம் வந்தார். "பார்த்தியாம்மா? உனக்கு வந்ததை அவர் வெச்சுக்கிட்டு, அவர் கழிச்சதை உனக்குத் தள்ளிட்டாரு. அந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கக்கூட மனசு வரலை பாரு, கஞ்சனுக்கு."

அன்றிலிருந்து அவள் அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஃபைல் எல்லாம் பியூன் கையில்தான் போகும், வரும். உள்ளே அவர் அசைகிற போதெல்லாம் பிளாஸ்டிக் சரசரவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் அவளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பும்.

ஒன்று மட்டும் நல்லது நடந்தது. இடுப்பு வலி குறைந்தது.

"பார்த்தீங்களா, நான் சொல்லிக்கொடுத்த பயிற்சி" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

பயிற்சியை இரண்டே நாள் செய்து விட்டுவிட்டதை அவள் சொல்லவில்லை. "ஆமா சார்" என்று வந்துவிட்டாள்.

இரண்டு மாசத்தில் டைரக்டர் ஆய்வுக்கு வந்தார். எல்லோரையும் கூட்டி வைத்து அரைமணி நேரம் பேசினார். "நிமிர்ந்து உட்காரணும். ஊழியர்களோட முதுகெலும்புதான் ஒரு ஆபீஸோட முதுகெலும்பு." எல்லோரும் நின்றபடியே கேட்டார்கள். அவருக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தது.

போகிற வழியில் கண்ணாடிக் கதவுக்குள் அவர் பார்வை போனது.

"புதுசா?"

"ஆமா சார்" என்றார் சூப்பரின்டெண்ட்.

"ரெண்டு நாள் என் ரூம்ல இருக்கட்டும். சரிப்பட்டா எல்லாருக்குமே வாங்கிடலாம்."

பிளாஸ்டிக்கோடு நாற்காலி ஜீப்பில் ஏறியது. "வல்லவனுக்கு வல்லவன் வையகத்துல உண்டு" என்றார் தபால் பிரிவு அண்ணன். அன்றைக்கு டைப்பிஸ்ட் அக்கா இரண்டு வாய் கூடவே சாப்பிட்டாள். சூப்பரின்டெண்ட் ஸ்டோர் ரூமில் கிடந்த அவளுடைய பழைய மர நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவளுக்கு அது இன்னும் தித்திப்பாக இருந்தது.

எடுத்துப் போனது போனதுதான். ஒரு மாசமாகியும் திரும்பி வரவில்லை.

ஒருநாள் கைதவறி டீ அவள் நாற்காலி உறை மேல் கொட்டிவிட்டது. ஆபீஸ் சொத்தாவது ஒன்றாவது என்று அவள் முடிச்சை அவிழ்த்து உறையை உருவினாள்.

உள்ளே புத்தம்புதுக் கறுப்பு நாற்காலி. இடுப்பு வளைகிற இடத்தில் முட்டு. முதுகுப் பக்கம் கடைக்காரர் ஒட்டிய சீட்டு: 'டைப்பிங் பிரிவு, அக்கா பார்த்து வைத்தது.'

நனைந்த உறையைக் கையில் பிடித்தபடியே, நாற்காலி வந்த பிறகு முதல் தடவையாக அந்த அறைக்குள் போனாள். மர நாற்காலியில் முதுகுக்கு இரண்டு ஃபைலை முட்டுக் கொடுத்து அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார்... அப்போ டைரக்டர் எடுத்துட்டுப் போனது?"

"என்னோட பழசு. துடைச்சு, உங்க நாற்காலியில வந்த பிளாஸ்டிக்கைச் சுத்தி வெச்சேன்."

மூன்று மாசமாக அவரைப் பற்றித் தான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகத்துக்கு வந்தது.

"அவர் கண்டுபிடிச்சுக் கேட்டா?"

"என்னன்னு கேப்பாரு? டைப்பிஸ்ட் நாற்காலியை எடுத்துட்டு வந்தேன், அது பழசா இருக்குன்னா?"

"ஒரு வார்த்தை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருந்தா நீங்க என்னைத் திட்டியிருக்க மாட்டீங்க. நீங்க திட்டலைன்னா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க."

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உறையைச் சீக்கிரம் காயவெச்சு மாட்டிடுங்கம்மா. அடுத்த மாசம் டைரக்டருக்கு மேல இருக்கிறவர் வர்றாரு."