முகம் பார்க்கக்கூடாது

“புஷ்பத்துக்கு வெளிய வர ஏலா, மாமா. அவ பெரிய புள்ளயாகிட்டா.”

கூடப் படிக்கிற ஹபீலா இதைச் சொன்னபோது புஷ்பத்தின் அப்பா வீரையா கதிரையில் பாதிதான் உட்கார்ந்திருந்தார். அப்படியே எழுந்துவிட்டார்.

பார்க்க வருகிறவர்கள் இருக்கும் அறைக்கும் பள்ளிக்கூடப் போர்டிங்கின் உள்கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னால் புஷ்பம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தலையைச் சுற்றி ஒரு துவாய்.

துவாய்க்கு அடியில் முடி இல்லை.

வியாழக்கிழமை மேட்ரன் வெட்டிவிட்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. போர்டிங்கில் பேன் பரவிவிட்டதாம். பேன் எல்லார் தலையிலும்தான் இருந்தது. கத்தரிக்கோல் ஒரு தலைக்குத்தான் வந்தது. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் மருந்தும் பேன்சீப்பும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு மொட்டை.

வெள்ளைக்காரன் போய்விட்டான், இப்போது நம்மவர்கள்தான் நடத்துகிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும்.

முடி போனதைப் புஷ்பம் ஒரு ராத்திரி அழுது தீர்த்துவிட்டாள். அப்பா பார்த்துவிட்டால் படிப்பும் போய்விடும். அதுதான் இப்போது பயம்.

சேர்க்க வந்த அன்றைக்கே அவர் பெரிய மிஸ்ஸின் முகத்துக்கு நேரே சொன்னார். “எம்புள்ள மேல ஒரு கை பட்டுச்சுன்னு தெரிஞ்சா, அன்னைக்கே பொட்டியத் தூக்கிருவேன்.”

வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு மறக்கிற ஆள் இல்லை அவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் கன்னத்தில் அறைந்தார் என்று அண்ணனை நிறுத்தினார். மாஸ்டரே லயத்து வீட்டுக்கு வந்து கூப்பிட்டும் அனுப்பவில்லை. அண்ணன் கலஹாத் தோட்டத்தில் இன்றைக்கும் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருக்கிறான்.

வயதுக்கு வந்த பிள்ளையின் முகத்தை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் தகப்பன் பார்க்கக்கூடாது. லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கட்டுப்பாடு. அப்பா மிஸ்மாரை நம்பமாட்டார், டாக்டரை நம்பமாட்டார், பஸ் போர்டை நம்பமாட்டார். இதை மட்டும் நம்புவார்.

பொய்யை யோசித்தது புஷ்பம். வாய் கொடுத்தது ஹபீலா.

வீரையா சட்டென்று திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

சீலைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் சந்து. அதன் வழியாகப் புஷ்பம் பார்த்தாள். அம்பிட்டிய ஏற்றத்தை நடந்தே ஏறியிருக்கிறார். கோட்டின் முதுகு வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

“எப்ப ஆனா?”

“வியாழக்கிழம, மாமா.”

“அப்ப ஏன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பல?”

“டெஸ்ட் நடக்குது, மாமா. கணக்குக்கு ஆள் வராட்டி பெயிலாக்கிப் போடுவாங்க. அதான் லீவுல பாத்துக்கலாம்னு…”

“நீ என்ன ஆத்தா, வக்கீலுக்குப் படிக்கிறியா?”

ஹபீலா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

“தாய்மாமன் வந்து பச்ச ஓலையில குடிச கட்டணும். இங்கன எங்க கட்டுறது? மேட்ரன் தலையிலயா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். “உளுந்தங்களி கிண்டிக் குடுக்கிறாங்களா?”

“களியா? குடுக்கிறாங்க, மாமா. காலையிலயும் குடுத்தாங்க.”

காலையில் கொடுத்தது பாண் ரொட்டியும் பருப்பும்.

வீரையா தலைத்துண்டை அவிழ்த்தார். உதறினார். திரும்பவும் கட்டிக்கொண்டார். புஷ்பம் இரண்டு கையாலும் துவாயை இறுக்கிப் பிடித்தாள். ஒரு எட்டுப் பின்னால் வைத்துச் சீலையை இழுத்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும்.

“தொண்ட வறளுது, தாயி. ஒரு வாய் தண்ணி கொண்டாறியா?”

ஹபீலாவின் செருப்புச் சத்தம் கூடத்தின் கோடி வரைக்கும் போய் நின்றது.

“புஷ்பம்.”

அவள் துவாயை நெற்றிக்கு இழுத்துவிட்டாள்.

“கேட்டடியிலயே காவக்காரன் எல்லாஞ் சொல்லிட்டான்.”

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார். வழக்கமாக மலைக்கு மலை கேட்கிற குரல். இப்போது பக்கத்தில் நிற்கிற ஆளுக்குக்கூடக் கேட்டிருக்காது.

“பொட்டியத் தூக்கத்தான் ஏறி வந்தேன்.”

இருமினார்.

“படி. அம்மாகிட்ட நா எதுவும் சொல்லமாட்டேன். பெரிய லீவுக்குள்ள வளந்துரும்.”

அவ்வளவுதான். வாசல்படி இறங்கினார். புஷ்பத்துக்குத் தொண்டை வரைக்கும் “அப்பா” வந்தது. கூப்பிட்டால் திரும்பிவிடுவார். கூப்பிடவில்லை. நனைந்த கோட்டு முதுகு பூச்செடிகளைத் தாண்டி, தண்டவாளம் வைத்துக் கட்டிய கேட்டைத் தாண்டி, வளைவில் மறைகிற வரைக்கும் அந்த ஒரு விரல் சந்தில் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஹபீலா தண்ணீர்க் கோப்பையோடு ஓடி வந்தாள்.

“மாமா எங்கடி? போயிட்டாரா?” மூச்சு வாங்கியது. கண்ணெல்லாம் சிரிப்பு. “நம்பிட்டாரா?”

கோப்பையை வாங்கிப் புஷ்பம் முழுவதையும் குடித்தாள்.

“ம். நம்பிட்டாரு.”