இடது பக்கம்

ஊஞ்சல் ஆட ஆரம்பித்துவிட்டது.

அவள் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மருதாணிக் கை வியர்த்து வழுக்கியது.

எதிரே பெண்கள் லாலி பாடிக்கொண்டிருந்தார்கள். வாய்கள் அசைந்தன. பாட்டு எங்கோ சுவருக்கு அப்பால் கேட்டது. இடது காது காலையிலிருந்தே அடைத்துக் கிடந்தது, குளத்தில் முங்கி எழுந்தது போல. அதற்குள் கீச்சென்று ஒரு சத்தம். நாதஸ்வரம் நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

நாதஸ்வரம் நின்றதா என்பதே சந்தேகமாக இருந்தது.

தரை சாய்ந்தது. தூணில் கட்டிய வாழைமரம் சாய்ந்தது. விளக்கை ஏந்திக்கொண்டு ஊஞ்சலைச் சுற்றிவந்த சித்தியும் சாய்ந்தாள். ஆனால் விழவில்லை.

அப்படியென்றால் சாய்வது யார்?

இன்றைக்குப் பார்த்தா வரவேண்டும் இந்தச் சனியன்!

டாக்டர் இதை மைக்ரேன் என்றார். தலை வலிக்காமலே தலை சுற்றுகிற மைக்ரேன். அம்மா இதைப் பித்தம் என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு பெயருமே தெரியக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

"கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறமா மெதுவாச் சொல்லிக்கலாம்."

தாலி இன்னும் ஏறவில்லை. இப்போதுதான் மாலை மாற்றி ஊஞ்சலில் உட்கார வைத்திருக்கிறார்கள். இத்தனை பேருக்கு நடுவில் சரிந்து விழுந்தால் கல்யாணம் நின்றாலும் நின்றுவிடும். அவளுக்குப் பயமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று யாரோ சிரித்தார்கள்.

அம்மாவுக்குத் தெரியாமல் மாப்பிள்ளையிடம் அவள் சொல்லியிருந்தாள்.

போன மாதம், ஒரு காபிக் கடையில். ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்த நீளப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கும் இதே காது அடைத்திருந்தது. தலைசுற்றல், அடைப்பு, ஓயாத கீச்சொலி, எல்லாவற்றையும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னாள்.

பதிலே வரவில்லை. நிமிர்ந்தபோது அவன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. பெரிய மனசா? காதில் வாங்கவே இல்லையா? மறுபடி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறான். முகத்தைப் பார்க்கலாம் என்றால், தலையைத் திருப்பினால் மண்டபமே திரும்பும்.

ஊஞ்சல் வேகமெடுத்தது. கண்ணை மூடினாள். மூடினால் இன்னும் மோசம். திறந்தாள்.

பின்னாலிருந்து பெரிய அத்தையின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, காலை எடுங்கோ. அப்போலேர்ந்து தள்றேன், நகரவே மாட்டேங்கறது. ஊஞ்சலா, பெஞ்சா இது?"

நகரவே இல்லையா?

அவள் மெல்லக் கீழே பார்த்தாள். பாலால் கழுவித் துடைத்த அவன் பாதங்கள் இரண்டும் தரையில் அழுந்தியிருந்தன. கட்டைவிரல் நகங்கள் வெளுத்திருந்தன.

ஊஞ்சல் ஆடவில்லை. முதலிலிருந்தே ஆடவில்லை.

அவன் காலை எடுக்கவில்லை. அவள் பக்கமாகக் குனிந்து ஏதோ சொன்னான். உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. கீச்சொலிதான் கேட்டது.

அவன் இருந்தது இடது பக்கம்.

காபிக் கடையிலும் இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தான்.

அவள் சங்கிலியை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்டபம் திரும்பினால் திரும்பட்டும். முகத்தை அவன் பக்கம் திருப்பினாள். வலது காது அவனுக்கு எட்டும்வரை திருப்பினாள்.

கூட்டம் ஓவென்று சிரித்தது.

"அன்னிக்கு என்ன சொன்னேள்?" என்று கேட்டாள்.