வேடிக்கை பார்த்தவன்

“வஞ்சம் வெச்சுத்தான் பண்ணியிருக்கறான்” என்றார் அர்த்தநாரி, பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

வடகரப்பதியில் அன்று அவர் மகள் மௌனிகாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கோபிநாத்துக்கு மஸ்கட்டில் வேலை. பெண் அங்கே போவதற்கு வேண்டிய சான்றிதழ்களில் முத்திரை வாங்கச் சென்னைக்குப் போயிருந்தார் அர்த்தநாரி. மத்தியான விமானத்தில் கோயமுத்தூருக்கு வந்து, அங்கிருந்து காரில் ஓடி வருவதற்குள் குறித்த நல்ல நேரம் போயே போய்விட்டது.

பெண்ணைப் பெற்றவர் இல்லாமல் தட்டு மாற்ற முடியுமா? மாப்பிள்ளை வீட்டார் காபிக்கு மேல் காபியாகக் குடித்துச் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

வஞ்சம் வைத்தவன் என்று அவர் சொன்னது வேறு யாரையும் அல்ல. சொந்த அக்கா நாச்சம்மாளின் மகன் நவீன்குமாரைத்தான். ஏர்போர்ட் டவரில் உட்கார்ந்து, எந்த விமானம் எப்போது இறங்கலாம் என்று பைலட்டுகளுக்கு மைக்கில் சொல்கிற வேலை அவனுக்கு. ட்யூட்டி முடித்து அப்போதுதான் வந்து வாசலில் பைக்கை நிறுத்தினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் கழுவக்கூட அவனை விடவில்லை.

“வா நவீனு. எங்க ப்ளேனை எறக்குனது ஆரு?”

“நாந்தானுங்க மாமா.”

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க” என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார் அர்த்தநாரி.

விமானம் ரன்வே வரைக்கும் வந்துவிட்டதாம். டவருக்குப் பக்கத்தில் தாழத் தாழப் பறந்ததாம். இதோ இறங்கிவிட்டோம் என்று இவர் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டாராம். பார்த்தால் மறுபடி விர்ரென்று மேலே ஏறிவிட்டதாம். அப்புறம் ஆகாயத்திலேயே சுற்றோ சுற்று என்று சுற்றவிட்டு, எல்லாருக்கும் வெறுத்துப்போன பிறகுதான் இறக்கினார்களாம்.

“அதையுங்கூடப் பொறுத்துக்குவேன். டவரு கண்ணாடிக்குப் பின்னால ஒருத்தன் பைனாகுலரு வெச்சு எங்களை வேடிக்கை பாத்துட்டு நின்னான். அது ஆரு?”

நவீன் தலையைக் குனிந்துகொண்டான். “அதும் நாந்தானுங்க.”

பந்தலில் குசுகுசுப்பு எழுந்தது. எழாமல் இருக்குமா? போன வருஷம்தான் நாச்சம்மாள் தம்பி மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தாள். தம்பி முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் நடக்கிற நாளில், அவள் அப்பாவை ஆகாயத்தில் சுற்றவிட்டுப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டு நின்றால் ஊர் வேறு என்ன நினைக்கும்? படித்த பையனுக்கு இவ்வளவு சின்னப் புத்தியா என்று ஒரு பெரியவர் வாய்விட்டே சொன்னார். நாச்சம்மாள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அர்த்தநாரியின் மனைவி ஆனந்தி முன்னால் வந்தாள். விமானம் என்றாலே அவளுக்குப் பயம். கடல் தாண்டிப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று மாதக்கணக்கில் அழுதுவிட்டு, போன வாரம்தான் அரை மனதாகத் தலையை ஆட்டியிருந்தாள்.

“நவீனு, உண்மையச் சொல்லு கண்ணு. ப்ளேன்ல ஏதாச்சும் கோளாறா? அப்படி எதாச்சும்னா இந்தச் சம்மந்தமே நமக்கு வேண்டாம். இப்பவே நிறுத்தீரலாம்.”

கதவோரம் நின்ற மௌனிகா வளையலைத் திருகிக்கொண்டே நவீனைப் பார்த்தாள்.

“ப்ளேன்ல ஒண்ணுமில்லீங்க அத்தை” என்றான் அவன். “தப்பு எம்மேலதான்.”

ஆனந்திக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அர்த்தநாரிக்குத்தான் ஆத்திரம் தலைக்கேறியது. கல்யாணத்துக்கு அவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த நல்ல நேரம் பார்த்துத் தட்டு மாற்றினார்கள். பந்தியில் நவீனுக்குப் பக்கத்து இலையில் யாரும் வந்து உட்காரவில்லை.

திரும்பும் வழியில், பைக்கின் பின்னால் இருந்த நாச்சம்மாளுக்கு அடக்க முடியவில்லை.

“எறங்கற ப்ளேனை மேல அனுப்புனது நெசமாடா?”

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ரொம்பக் களைத்திருந்தான்.

“சக்கரம் எறங்கிருச்சான்னு காட்டற லைட்டு எரியலைன்னு பைலட்டு சொன்னாரும்மா. டவர் பக்கத்துல தாழப் பறந்து காட்டறேன், பாத்துச் சொல்லுங்கன்னாரு. உள்ள எத்தனை பேருன்னு கேட்டேன். நூத்தி அறுபத்தி நாலுன்னாரு. அதுல ஒண்ணு மாமான்னு எனக்குத்தான தெரியும். பைனாகுலர்ல பாத்து, சக்கரமெல்லாம் எறங்கியிருக்கிற மாதிரித்தான் தெரியுதுன்னு சொன்னேன். அவரும் அதையே திருப்பிச் சொன்னாரு. ரெண்டு பேரும் கொரல் நடுங்காமப் பேசிக்கிட்டோம். அப்பறம் உள்ள இருக்கறவங்க பயந்துக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு ஒண்ணுஞ் சொல்லாம, பயர் வண்டியெல்லாம் தள்ளித் தயாரா நிறுத்தி வெச்சுத்தாம்மா எறக்குனோம்.”

நாச்சம்மாள் ரோட்டோரத்து மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி உயிரோடு வந்து சேர்ந்ததை நினைத்து அழுவதா, மகன் பட்ட அவமானத்தை நினைத்து அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“இதை அங்கயே சொல்றதுக்கென்னடா? இத்தனை பழியும் உம்மேல வந்துருச்சே.”

“நாளைக்குப் பேப்பர்ல வந்தா வந்துட்டுப் போகுது. இன்னிக்குச் சொல்லியிருந்தா அத்தை தட்டு மாத்த உட்டிருப்பாங்களா?”

வண்டியைக் கிளப்பிவிட்டு, அம்மாவைப் பார்க்காமலே சொன்னான்.

“மௌனிகாவுக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்குதும்மா.”