உள்ளே என்ன கொண்டு போகலாம்?

“வக்கீல் ஆகணும்னா மொத்தம் எத்தனை பரீட்சை எழுதணும் தம்பி?”

“அப்பா, ஆரம்பிச்சுட்டீங்களா!” மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குச் சரி என்று ஒரு வார்த்தை வாங்கத்தான் அவரை தான் விரும்பிய வக்கீலின் இந்த மாடி ஆபீசுக்கு இழுத்து வந்திருந்தாள். இவரோ வந்த காரியத்தை விட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்துக் கட்டைவிரலால் பக்கங்களை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டிருந்தார்.

“கேக்கட்டும் விடு” என்றான் வக்கீல். பார்த்த மூன்றாம் நிமிஷமே அவரை மாமாவாக்கிக்கொண்ட கெட்டிக்காரன். “முதல்ல நுழைவுத் தேர்வு மாமா. அப்புறம் அஞ்சு வருஷப் படிப்பு. வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை.”

“அதோட கறுப்புக் கோட்டு மாட்டிக்கலாமா?”

“அது எப்படி? பட்டம் மட்டும் போதாது. கடைசியா உரிமத் தேர்வுன்னு ஒண்ணு இருக்கு. அதுல பாஸானாதான் கோர்ட்டுல வாயே திறக்கலாம்.”

“அடேயப்பா! அது ரொம்பக் கஷ்டமோ?”

“என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! நூறு கேள்வி, மூணரை மணி நேரம். அத்தனை சட்டமும் மனப்பாடமா இருக்கணும். ஆறு மாசம் நான் சரியாத் தூங்கலை மாமா!”

மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தீங்களாப்பா?”

“பாக்கறேம்மா.” அவருக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. ஒரே மகள். அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று! “ஆமா தம்பி, அந்த உரிமத் தேர்வுக்கு உள்ளே என்னென்ன கொண்டு போகலாம்?”

“ஹால் டிக்கெட், பேனா. அவ்வளவுதான்.”

“புத்தகம்?”

வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தான். “புத்தகமா! துண்டுச் சீட்டு இருந்தாலே கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடுவாங்க. பாவம், நீங்க காலேஜ் வாட்ச்மேன். உங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகுது?”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி.” குரல் கெஞ்சுவது போலிருந்தது.

“யோசிக்க என்ன இருக்கு? எழுதினவன் நான்தானே!”

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். “எழுந்திரும்மா, போகலாம்.”

“ஏம்ப்பா, என்னாச்சு?”

“இந்த ஊருக்கே அந்தப் பரீட்சை எங்க காலேஜ்லதான் நடக்குது. சட்டப் புத்தகத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே பாத்து எழுதற பரீட்சைம்மா அது. பன்னிரண்டு வருஷமா வாசல்ல நின்னு, அவங்க கொண்டு வர்ற புத்தகத்துல பேனாவால ஏதாவது எழுதி வெச்சிருக்காங்களான்னு பக்கம் பக்கமாப் புரட்டிப் பாத்து உள்ளே அனுப்பறவனே நான்தான்.”