நாற்பத்திரண்டு பெட்டி

அய்யனார் கோயில் காட்டுக்குப் போகிறவர்களிடம் தீப்பெட்டியைப் பிடுங்கி வைப்பதுதான் கோடை முழுக்க வனக்காவலர் சங்கையாவுக்கு வேலை.

“சாமிக்குச் சூடம் கொளுத்தணும்ணே.”

“பூசாரிகிட்ட நெருப்பு இருக்கு. இங்க புல்லு சருகாக் கெடக்கு. பத்துச்சுன்னா சாம்பல் அம்புட்டும் நீர்த்தேக்கத்துலதான் எறங்கும். பொறவு ராஜபாளையமே அதைத்தான் குடிக்கணும். குடுப்பா.”

ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. மாலையில் சோதனைச் சாவடியைப் பூட்டிவிட்டு, மனைவி வெள்ளைத்தாயை வேலையிலிருந்து கூட்டிவரப் போனான்.

அவள் பைக்கில் ஏறி உட்கார்ந்ததும் அலுப்போடு சொன்னான்.

“இன்னைக்கு மட்டும் நாப்பத்திரண்டு பெட்டி பிடுங்கியிருக்கேன்.”

வண்டி தீப்பெட்டித் தொழிற்சாலையின் கேட்டைத் தாண்டியது.

“நான் ஆயிரம் பெட்டி அடைச்சிருக்கேன்,” என்றாள் வெள்ளைத்தாய், கொட்டாவி விட்டபடி.